அத்தியாயம் 5: அமைதியான அறையும் ஒரு மடிக்கணினியும் – குறைந்த செலவில் வீட்டு ஒலிப்பதிவுக்கூடம்

காற்றில் அதிர்வாக எழும் ஒலியைத் தேவையற்ற ஓசைகளிலிருந்து இயன்றவரை பிரித்து, மின்குறிப்பாக மாற்றி, பின்னர் எண்களாகச் சேமித்து, மீண்டும் அதே தன்மையுடன் ஒலிக்கச் செய்வதற்கான ஏற்பாடே ஒலிப்பதிவுக்கூடம் ஆகும். இந்த வரையறையில் கட்டடத்தின் அளவோ கருவிகளின் விலையோ இடம்பெறவில்லை. ஓர் அறை, ஒரு மைக், மைக்கின் மின்குறிப்பைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றும் ஒரு சிறிய பெட்டி, ஒரு மடிக்கணினி, நல்ல ஹெட்போன் ஆகிய ஐந்தும் அமைந்துவிட்டால் அடிப்படைத் தேவை நிறைவேறிவிடுகிறது. எஞ்சுவது அந்த ஐந்தையும் சரியான வரிசையில் வாங்கி, சரியான இடத்தில் வைத்து, சரியான அளவில் இயக்கும் அறிவே.

வீட்டோடு இணைந்த ஒலிப்பதிவுக்கூடம் தமிழ் இசையுலகுக்குப் புதியதன்று. 1989இல் ஏ. ஆர். ரஹ்மான் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்னும் கூடத்தை அமைத்தார். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் இசை அவரை நாடறியச் செய்தது. அன்று அத்தகைய கூடம் பெரும் முதலீட்டைக் கோரியது. நாடாச் சுருள்களும் பெரிய கலவை மேசைகளும் செய்த பணிகளில் பெரும்பகுதியை இன்று மென்பொருளே செய்வதால், மாவட்டத் தலைநகரிலோ சிற்றூரிலோ வாழும் ஒருவர் ஓர் இருசக்கர வாகனத்தின் விலைக்கும் குறைவான தொகையில் அதே அடிப்படைகளை அமைத்துக்கொள்ள முடிகிறது. எனினும் மென்பொருளால் மலிவாக்க முடியாத ஒன்று உண்டு. அது அமைதி. ஆகவே கருவிக்கு முன் அறை, விலைக்கு முன் இருப்பிடம் என்பதே இந்த அத்தியாயம் முழுவதும் வலியுறுத்தப்படும் ஒழுங்கு.

1. எதைப் பதிவு செய்வது என்னும் கேள்வி

கருவி வாங்குவதற்கு முன், கூடத்தில் எவ்வகை ஒலி பதிவாகப்போகிறது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் பேச்சுக்குப் பொருந்தும் ஏற்பாடு தவிலுக்குப் பொருந்தாது. இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு விடைகள் ஏராளம். இசைக் குறிப்புகளைப் பாறையில் பதித்துவைத்த 7ஆம் நூற்றாண்டுக் குடுமியான்மலைக் கல்வெட்டு இம்மாவட்டத்தில்தான் உள்ளது. கஞ்சிராவுக்குக் கருநாடக இசை மேடையில் இடம் தேடித் தந்தவராகப் போற்றப்படும் மான்பூண்டியா பிள்ளையும், அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் உருவாக்கிய தாள மரபு, புதுக்கோட்டைப் பாணி என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. விராலிமலையின் சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாள், ஆடிக்கொண்டே தாமே பாடும் பழைய மரபைக் காத்தவர். அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இம்மாவட்டத்தைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ், 2018இல் சூப்பர் சிங்கர் நிகழ்ச்சியின் ஆறாம் பருவத்தில் வென்றார். அதே ஆண்டில் சின்னவீரமங்கலம் என்னும் சிற்றூரில் தொடங்கப்பட்ட வில்லேஜ் குக்கிங் சேனல், வயல்வெளியில் எழும் குரலையும் அடுப்பின் ஓசையையும் உலகெங்கும் கொண்டுசென்று, 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைக் கடந்தது.

இவை அனைத்தும் காட்டுவது ஒன்றே: பதிவுக்குரிய ஒலி இம்மாவட்டத்தில் குறைவின்றி இருக்கிறது, அதைத் தரத்துடன் பிடித்துவைக்கும் இடங்களே போதவில்லை. நடவுப்பாட்டு, கும்மி, ஒப்பாரி, தெம்மாங்கு போன்றவை பெரும்பாலும் முதியவர்களின் நினைவில் மட்டுமே வாழ்வதால், அவர்கள் சென்னைக்கோ திருச்சிக்கோ வந்து பாடும்வரை காத்திருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அவர்களுக்கு எட்டும் தொலைவில் ஒரு கூடம் இருப்பது ஒரு பண்பாட்டுத் தேவை.

2. அறையைத் தேர்தலும் திருத்தலும்

வெளியோசை உள்ளே வராமல் தடுத்தலும், உள்ளே எழும் ஒலி சுவர்களில் மோதி எதிரொலிக்காமல் அடக்குதலும் முற்றிலும் வேறான இரு பணிகள். முன்னதற்கு எடையும் இடைவெளியின்மையும் தேவை; பின்னதற்கு மென்மையும் தடிமனும் தேவை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, சுவரில் மெல்லிய பஞ்சு அட்டைகளை ஒட்டிவிட்டுத் தெருவின் ஓசை குறையும் என்று எதிர்பார்ப்பது வீண் செலவில் முடியும்.

வெளியோசையைத் தடுப்பதில் கனமான சுவரே முதன்மையானது. பழைய செங்கல் சுவரோ செம்புரைக்கல் சுவரோ உள்ள அறை இயல்பாகவே நல்ல தடுப்பைத் தரும். தகரக் கூரை வேய்ந்த மாடி அறை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாள்களில் பயன்படாமலே போய்விடும். சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் கதவும் சன்னலுமே பலவீனமான இடங்கள். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், அந்தச் சுவர் தரக்கூடிய தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. டெசிபல் என்பது ஒலி மட்டத்தை ஒப்பிட்டு அளக்கும் அலகு. ஆகவே கதவின் அடியிலும் சட்டத்தின் விளிம்பிலும் ரப்பர் பட்டை ஒட்டி இடைவெளியை அடைப்பதே, மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் முதல் வேலையாகும். சன்னலின் உட்புறம் கனமான ஒட்டுப்பலகையைச் சட்டத்தில் பொருத்தி, பதிவின்போது மட்டும் அடைத்துக்கொள்ளலாம்.

அறையைத் தேரும்போது ஊரின் ஓசை நாட்காட்டியையும் கணக்கில் கொள்ள வேண்டும். தைப் பிறப்பை ஒட்டித் தொடங்கி மே மாதம்வரை நீளும் ஜல்லிக்கட்டுக் காலத்திலும், அம்மன் கோயில்களின் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களிலும் கூம்பு ஒலிபெருக்கிகளின் ஓசையை எந்த வீட்டு அறையும் தடுக்க இயலாது. விராலிமலைப் பக்கத்தில் மயில்களின் அகவல், நகரில் பேருந்து ஒலிப்பான், சிற்றூரில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் என ஒவ்வோர் இடத்துக்கும் அதற்குரிய இடையூறு உண்டு. ஒரு வாரம் வெவ்வேறு வேளைகளில் கைப்பேசியால் அறையின் ஓசையைப் பதிவு செய்து கேட்டு, எந்த மணிநேரம் அமைதியானது என்று குறித்துக்கொண்டால், அந்த நேரமே கூடத்தின் வேலை நேரமாக அமையும்.

அறையின் உள்ளே எதிரொலியைக் கண்டறிய எளிய சோதனை, நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிக் கேட்பதாகும். தட்டிய ஓசையைத் தொடர்ந்து கிணுகிணுப்பு எழுந்தால், எதிரெதிரான வெற்றுச் சுவர்கள் ஒலியைத் திரும்பத் திரும்ப எறிகின்றன என்று பொருள். அதனை அடக்க, துளைமிகுந்த தடித்த பொருள் தேவைப்படுகிறது. ஒலி அத்துளைகளுக்குள் புகுந்து உராய்வினால் வெப்பமாக மாறித் தேய்கிறது. முட்டை அட்டைகள் மெல்லியவை ஆதலால் இப்பணிக்கு ஏறக்குறையப் பயனற்றவை. இலவம்பஞ்சு மெத்தை, பழைய கம்பளி, கனத்த ஜமுக்காளம், மரச்சட்டத்துள் அடைத்துத் துணி போர்த்திய கல்நார் அல்லாத பாறைக் கம்பளி, தடித்த தென்னை நார்ப் பலகை ஆகியவை பயன்படும். தென்னை மிகுந்த ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் நாருக்குத் தட்டுப்பாடில்லை. பலகையைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு மாட்டினால், அதே பொருள் இன்னும் தாழ்ந்த சுருதிகளையும் உறிஞ்சும். மின்வயர்களுக்கு அருகில் எளிதில் தீப்பற்றும் பொருள்களை வைக்கலாகாது.

தாழ்ந்த சுருதி ஒலிகளை அடக்குதல் கடினம். அங்கு அறையின் வடிவமே உதவ வேண்டும். இம்மாவட்டத்தின் வெப்பநிலையில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. பத்தடி நீளமுள்ள அறையில் 57 ஹெர்ட்ஸை, அதாவது வினாடிக்கு 57 அதிர்வுகளை, ஒட்டிய ஒலி இரு சுவர்களுக்கு இடையே நிலைத்து நின்று, சில இடங்களில் மிகுந்தும் சில இடங்களில் மறைந்தும் கேட்கும். நீளமும் அகலமும் உயரமும் சமமான அறையில் மூன்று திசைகளிலும் இதே சுருதி ஒன்றுசேர்வதால் குமுறல் பெருகும். எனவே சதுர அறையைவிட நீள்சதுர அறையே தக்கது. பாடுபவரும் மைக்கும் அறையின் நட்டநடுவிலோ மூலையிலோ அமையாமல், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தொலைவில் அமைதல் நலம். எதுவும் செலவழிக்க இயலாதவர்கள், துணிகள் நிறைந்த அலமாரியும் கட்டில் மெத்தையும் உள்ள படுக்கையறையைத் தேர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

3. மின்சாரம்

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தத்தில், வினாடிக்கு 50 சுற்றுகளாக வருகிறது. நிலத்தொடர்பு சரியில்லாதபோது இந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ‘உம்ம்’ என்னும் இரைச்சலாகப் பதிவில் கலக்கின்றன. பழைய வீடுகளில் எர்த் எனப்படும் நிலத்தொடர்புக் குழியைத் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பதும், எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் புள்ளியிலிருந்து இயக்குவதும் இதற்கான தீர்வுகள். சதுர அலை வகை இன்வெர்ட்டர்கள் கூர்மையான இரைச்சலைக் கிளப்புவதால், பதிவின்போது அவற்றைத் தவிர்க்க வேண்டும். சைன் அலை வகையே ஏற்றது. மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் சில எல்.இ.டி. விளக்குகளும் மெல்லிய சிலிர்ப்போசையை ஏற்படுத்தக்கூடும்.

மடிக்கணினியின் பெரும் சிறப்பு இங்குதான் வெளிப்படுகிறது. மின்னூட்டியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் இயக்கினால், மின்வழி இரைச்சல் பெரும்பாலும் நீங்கிவிடும். மின்தடை நேர்ந்தாலும் பதிவு அறுபடாது. முழு மின்னூட்டத்துடன் தொடங்கி, ஒரு மணிநேரப் பதிவுக்குப் பின் இடைவேளை விடுவது பாடுபவருக்கும் கணினிக்கும் ஏற்றது.

4. கருவிகள்

மடிக்கணினி: புதிதாக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி மாணவர்கள் பெற்ற கணினிகள் பல வீடுகளில் உள்ளன. ஓரிரு தடங்களில் குரலைப் பதிவு செய்யும் பணிக்கு அவையும் போதும். பல தடங்களைக் கலந்து செம்மையாக்க வேண்டுமெனில் 8 ஜி.பி. நினைவகம் விரும்பத்தக்கது. சுழலும் தட்டுள்ள பழைய வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் கூடுவதோடு தட்டின் ஓசையும் ஒழியும். கணினியின் உள்விசிறி ஓசை மைக்கில் விழாதிருக்க, கணினியை மைக்கின் பின்புறத்தில், இயன்ற அளவு தொலைவில் வைக்க வேண்டும்.

ஆடியோ இன்டர்ஃபேஸ்: மைக்கிலிருந்து வரும் மிகமெல்லிய மின்குறிப்பைப் பெருக்கி, எண்களாக மாற்றி, யு.எஸ்.பி. வழியாகக் கணினிக்கு அனுப்பும் பெட்டி இது. கணினியின் சொந்த மைக் துளை இப்பணிக்குப் போதுமான தூய்மையுடன் அமைவதில்லை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிஞ்சர் யு.எம்.சி.22 போன்ற தொடக்கநிலைப் பெட்டிகள் யு.எஸ்.பி. மின்சாரத்திலேயே இயங்குகின்றன. வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று: மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வசதி, பாடுபவர் தம் குரலைக் கணினி வழியாகச் சுற்றிவரும் தாமதமின்றி நேரடியாகக் கேட்க உதவும் டைரக்ட் மானிட்டர் வசதி, விண்டோஸ் கணினியில் தாமதத்தைக் குறைக்கும் ஏ.எஸ்.ஐ.ஓ. வகை இயக்கி மென்பொருள். தவில், மிருதங்கம் போன்ற இருமுகக் கருவிகளைப் பதிவு செய்ய விரும்புபவர், இரண்டு மைக்குகளை ஏற்கும் பெட்டியையே முதலில் வாங்குவது சிக்கனம்.

மைக்: டைனமிக், கண்டென்சர் என மைக்குகள் இருவகைப்படும். டைனமிக் மைக்கில் மென்படலத்தோடு இணைந்த கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்குறிப்பை உண்டாக்குகிறது. அது உறுதியானது, ஃபேண்டம் பவர் கேட்காதது, உரத்த ஒலியைத் தாங்குவது. 1966 முதல் விற்பனையில் உள்ள ஷூர் எஸ்.எம்.58 இவ்வகையினது. கண்டென்சர் மைக்கில் மின்னேற்றமுள்ள மெல்லிய படலம் அசைகிறது. நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு, அதனாலேயே அடுத்த வீட்டுக் குக்கர் விசிலையும் அது பிடித்துவிடும். இதிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது: அறை அமைதியாகாதவரை கண்டென்சர் மைக் வாங்குவது பயனற்றது. ஓசை மிகுந்த வீட்டில், விலை குறைந்த டைனமிக் மைக்கை வாய்க்கு அருகே வைத்துப் பாடுவதே தூய்மையான பதிவைத் தரும்.

பெரும்பாலான மைக்குகள் கார்டியாய்ட் வகையைச் சேர்ந்தவை. அதாவது முன்புற ஒலியை முழுமையாகவும் பின்புற ஒலியை மிகக் குறைவாகவும் ஏற்பவை. ஆகவே மைக்கின் முதுகு சன்னலையோ கணினியையோ நோக்குமாறும், பாடுபவரின் பின்னே மெத்தையோ ஜமுக்காளமோ தொங்குமாறும் அமைக்க வேண்டும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்பு ஈரம் கண்டென்சர் படலத்தைக் கெடுக்கும் என்பதால், பதிவு முடிந்ததும் மைக்கைச் சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக் காக்க வேண்டும்.

ஹெட்போன்: காதை முழுவதும் மூடும், பின்புறம் அடைத்த வகையே பதிவுக்கு உரியது, திறந்த வகையில் பின்னணி இசை கசிந்து மைக்கில் விழும். புளூடூத் ஹெட்போனில் ஒலி காலந்தாழ்ந்து சேர்வதால் அது பதிவுக்கு உதவாது. தாழ்ந்த சுருதியை மிகைப்படுத்தாத ஹெட்போனைக் கொண்டு கலவை செய்து, முடிவைக் கைப்பேசியிலும் பேருந்து, ஆட்டோ போன்றவற்றின் ஒலிபெருக்கியிலும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டால், தொடக்க நிலையில் ஸ்டூடியோ மானிட்டர் எனப்படும் விலையுயர்ந்த ஒலிபெருக்கிகள் தேவைப்படா.

5. மென்பொருளும் அமைப்புகளும்

தடம் தடமாக ஒலியைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, கலக்க உதவும் மென்பொருளைத் துறையினர் டா என்பர். ஆடாசிட்டி முற்றிலும் இலவசம். பேச்சுக்கும் ஒற்றைக் குரலுக்கும் போதுமானது. ரீப்பர் 60 நாள் சோதனைக் காலத்துடன் கிடைப்பது, அளவில் சிறியது, பழைய கணினிகளிலும் தடையின்றி ஓடுவது, தனியர் உரிமம் விலை குறைந்தது. லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு ஆர்டர் உண்டு. ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசமாகக் கிடைக்கும். திருட்டுப் படிகளை நாட வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு நேர்மையான வழிகள் இன்று உள்ளன. திருட்டுப் படிகளோடு வரும் நச்சுநிரல்கள் பதிவுகளையே அழிக்கக்கூடும்.

மாதிரி வீதம் என்பது ஒரு வினாடியில் ஒலியை எத்தனை முறை அளக்கிறோம் என்பதைக் குறிக்கும். காணொளிக்குப் பயன்படும் 48,000 என்னும் வீதத்தையும், ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பதைக் குறிக்கும் 24 பிட் ஆழத்தையும் நிலையாக வைத்துக்கொள்வது நல்லது. இந்த அமைப்பில் ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்.பி. இடத்தைக் கொள்ளும், இரு மைக்குகள் ஒரு மணிநேரம் இயங்கினால் சற்றேறக்குறைய 1 ஜி.பி. ஆகும். பஃபர் என்பது கணினி ஒலியைக் கையாளும் முன் சேர்த்துக்கொள்ளும் சிறு தொகுதி. 128 மாதிரிகள் என்று வைத்தால் ஒரு வழித் தாமதம் 2.7 மில்லி வினாடி. 512 என்று வைத்தால் 10.7 மில்லி வினாடி. பதிவின்போது சிறிய அளவும் கலவையின்போது பெரிய அளவும் பொருந்தும். பெட்டியின் டைரக்ட் மானிட்டர் வழியாகக் கேட்பவர்கள், பழைய கணினி திணறாதிருக்கப் பதிவின்போதும் பெரிய அளவையே வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருள்கள் பொதுவாக நிமிடத்துக்கு 120 தட்டுகள், நான்கு தட்டுக்கு ஒரு சுற்று என்னும் மேலைநாட்டுக் கணக்கோடு திறக்கின்றன. விருத்தத்துக்கும் ஒப்பாரிக்கும் நிலையான தாளம் இல்லை. கும்மியின் வேகம் பாடலின் உணர்ச்சியோடு ஏறும். ஆகவே தட்டு ஒலியை அணைத்துவிட்டு, கலைஞரின் இயல்பான காலப்பிரமாணத்துக்குக் கூடம் இணங்க வேண்டும். கூடத்தின் கணக்குக்குக் கலைஞரை வளைத்தல் முறையன்று.

6. பதிவு செய்யும் முறை

ஒலி மட்டத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். எண்முறைப் பதிவில் 0 டெசிபல் என்பது உச்ச வரம்பு. அதைத் தாண்டிய ஒலி உடைந்து கரகரத்துவிடும், பின்னர் எக்காலத்திலும் மீளாது. பாடலின் மிக உரத்த அடியைப் பாடச்செய்து, அளவுமானியின் உச்சம் −12க்கும் −6க்கும் இடையே நிற்குமாறு பெட்டியின் கெயின் எனப்படும் பெருக்கக் குமிழைத் திருகி வைக்க வேண்டும். 24 பிட் பதிவில் இரைச்சல் தளம் மிகத் தாழ்ந்திருப்பதால், மட்டம் சற்றுக் குறைந்தாலும் கேடில்லை. ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் எவரும் அசையாமல் பத்து வினாடி அறையின் அமைதியைப் பதிவு செய்துகொண்டால், பின்னர் இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு அது மாதிரியாக உதவும்.

குரல்: மைக் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், உதட்டின் நேர்க்கோட்டுக்குச் சற்று விலகி இருக்க வேண்டும். பகரம் போன்ற இதழ் வெடிப்பொலிகளில் எழும் காற்று படலத்தை அறையாதிருக்க, இடையே பாப் ஃபில்டர் எனப்படும் வலைத் தடுப்பு வேண்டும். எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டியும் இதனைச் செய்துகொள்ளலாம். தொலைவு பாதியானால் நேர்க்குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயர்கிறது, அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கிறது. அறையின் குறையை மைக்கை நெருக்கிவைப்பதன் மூலம் மறைக்க முடிவது இதனால்தான். மிக நெருங்கினால் தாழ்ந்த சுருதி தடித்துவிடும் என்பதையும் மறக்கலாகாது. சுருதிப் பெட்டியை அறையில் ஒலிக்கவிடாமல் ஹெட்போன் வழியாக மட்டும் பாடுபவருக்குத் தந்து, தனித்தடமாகச் சேர்த்துக்கொண்டால், குரலைப் பின்னர்த் திருத்துவது எளிதாகும்.

கஞ்சிரா: சிறிய கருவியாயினும் இதன் ‘கும்’ ஒலி ஆழமானது, அதன் சலங்கைக் காசுகளின் ஒலியோ மிகக் கூரியது. மைக்கை ஒரு முழத் தொலைவில், தோலுக்கு நேர் எதிரே வைக்காமல் சற்றுச் சாய்த்து, காசுகள் இல்லாத பக்கமாக வைத்தால் இரண்டும் சமநிலை பெறும். தோலின் உட்புறத்தில் நீர் தடவியே இதன் சுருதி தாழ்த்தப்படுவதால், ஈரம் காயக் காயச் சுருதி ஏறிவிடும். ஆகவே நீண்ட உருப்படியைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்யும்போது, ஒவ்வொரு பகுதிக்கும் முன் சுருதியை ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோலால் ஆனவை. உடும்பு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி காக்கப்படும் உயிரினம் ஆதலால், புதிய கருவி வாங்குவோர் ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் வகையையே நாட வேண்டும்.

தவிலும் நாதசுரமும்: இவை திறந்த வெளிக்கும் கோயில் மண்டபத்துக்கும் உரிய கருவிகள், பத்தடி அறையில் அவற்றின் ஆற்றல் நெரிபடும். தவிலின் இரு முகங்களுக்கும் தனித்தனி டைனமிக் மைக்கை இரண்டு சாண் தொலைவில் வைத்து, இரு தடங்களாகப் பதிவு செய்யலாம். ஒன்றின் முனைமையை, அதாவது மின்குறிப்பின் ஏற்ற இறக்கத் திசையை, மென்பொருளில் தலைகீழாக்கிக் கேட்டு, எந்த நிலையில் ஒலி முழுமையாக இருக்கிறதோ அதைக் கொள்ள வேண்டும். நாதசுரத்தின் ஒலி அணைசு எனப்படும் விரிந்த கீழ்ப்பகுதியிலிருந்து மட்டும் வருவதன்று. விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. எனவே மைக்கை அணைசின் வாய்க்கு நேரே நீட்டாமல், குழலின் நடுப்பகுதியை நோக்கி, குறைந்தது நான்கடி தொலைவில் நிறுத்துதல் வேண்டும்.

அறைக்கு வெளியே: பறை, உறுமி, கும்மிக் குழு ஆகியவற்றுக்கு அறையைத் தேடுவதைவிட, கருவிகளை அவை ஒலிக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்வதே சிறந்தது. மடிக்கணினியும் யு.எஸ்.பி. பெட்டியும் மின்கலத்தில் இயங்குவதால், முழுக் கூடமும் ஒரு தோள்பையில் அடங்குகிறது. திறந்த வெளியில் எதிரொலிக்கும் சுவர்கள் இல்லை. காற்று அடங்கிய அதிகாலையில், சாலையை விட்டு விலகிய களத்திலோ தோப்பிலோ செய்யும் பதிவு, திருத்தப்படாத அறையில் செய்யும் பதிவைவிடத் தெளிவாக அமையும். மைக்குக்கு நுரைத் தொப்பியும் அதன்மேல் உரோமத் துணி உறையும் அணிவித்தால் காற்றின் குமுறல் குறையும்.

கலவை: தேவையற்றதை நீக்குவதே முதல் படி. குரல் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வுகளை வெட்டலாம். தவிலிலும் கஞ்சிராவிலும் அவ்வாறு வெட்டினால் கருவியின் உயிரே போய்விடும். உரத்த இடத்தைத் தணித்து மெல்லிய இடத்தை எடுத்துக்காட்டும் கம்ப்ரெஸரையும், இடத்தின் விரிவை உணர்த்தும் ரிவெர்பையும் குறைந்த அளவில் பயன்படுத்த வேண்டும். யூடியூப் போன்ற தளங்கள் உரத்த கோப்புகளின் ஒலியளவை −14 எல்.யு.எஃப்.எஸ். என்னும் சராசரி உரப்பு மட்டத்தை ஒட்டித் தாமே குறைத்துவிடுவதால், பிறரைவிட உரக்க ஒலிக்கவேண்டும் என்று கோப்பை நெருக்கிக் கெடுப்பதில் பயன் இல்லை.

7. பாதுகாப்பும் உரிமையும்

பதிவான மூலக் கோப்பை வேவ் வடிவிலேயே காக்க வேண்டும், எம்.பி.3 வடிவம் அளவைச் சுருக்குவதற்காக ஒலியின் ஒரு பகுதியை நிலையாக இழக்கிறது. ஒரே கோப்புக்கு மூன்று படிகள், அவை இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரிலோ இணையச் சேமிப்பிலோ இருத்தல் வேண்டும் என்பது ஆவணக் காப்பாளர்கள் வலியுறுத்தும் நெறி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது இம்மாவட்டம் பட்ட பாட்டை நினைவில் கொண்டால், வெளியூர்ப் படியின் தேவை விளங்கும். பாடியவர் பெயர், ஊர், நாள், பாடல் வகை, யாரிடம் கற்றது ஆகிய விவரங்களைக் கோப்போடு எழுதிவைக்காத பதிவு, சில ஆண்டுகளில் அடையாளமற்றதாகிவிடும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளும், நிகழ்த்துக் கலைஞருக்கு நிகழ்ச்சி நடந்த ஆண்டை அடுத்து 50 ஆண்டுகளும் உரிமை வழங்குகிறது. ஆகவே வயலில் பாடும் மூதாட்டியாயினும், பதிவுக்கு முன் அவருடைய இசைவைப் பெற்று, எங்கு வெளியிடப்படும், வருவாய் வந்தால் எவ்வாறு பகிரப்படும் என்பவற்றை எளிய தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையொப்பமோ கைநாட்டோ பெறுதல் வேண்டும். எழுதத் தெரியாதவரிடம் வாய்மொழி இசைவையும் அதே மைக்கில் பதிவு செய்துகொள்ளலாம். கலைஞரின் உரிமையை மதிக்காத கூடத்துக்கு அடுத்த கலைஞர் வரமாட்டார்.

8. செலவின் வரிசை

மடிக்கணினி ஏற்கெனவே இருக்குமானால், 30,000 ரூபாயை ஒரு நடைமுறைத் திட்டமாகக் கொள்ளலாம். இடைவெளி அடைப்புக்கும் உறிஞ்சு பலகைகளுக்கும் 4,000, இன்டர்ஃபேஸுக்கு 10,000, மைக்குக்கு 8,000, ஹெட்போனுக்கு 5,000, தாங்கி, மைக்கைப் பெட்டியோடு இணைக்கும் எக்ஸ்.எல்.ஆர். வயர், பாப் ஃபில்டர் ஆகியவற்றுக்கு 3,000 என்பது பொருத்தமான பங்கீடு. சந்தை விலை மாறினாலும் விகிதம் ஏறக்குறைய இதுவாகவே இருக்கும். இருமுகக் கருவிகளை முதலிலேயே பதிவு செய்ய விரும்புபவர், இரு மைக் பெட்டிக்கும் இரண்டாவது மைக்குக்குமாகக் கூடுதல் தொகையை ஒதுக்க வேண்டும்.

முழுத்தொகையும் ஒருசேரக் கிடைக்காதவர்கள், முதல் மாதம் அறையைத் திருத்தி, கைப்பேசியைக் கொண்டே அமைதியை அளந்து பழகலாம், அடுத்து இன்டர்ஃபேஸும் ஒரு டைனமிக் மைக்கும், பின்னர் ஹெட்போன், அறை உண்மையிலேயே அமைதியானது என்று பதிவுகள் காட்டிய பிறகே கண்டென்சர் மைக். இந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதுவரை செய்த செலவு முழுப்பயன் தரும். வரிசையைத் தலைகீழாக்கி விலையுயர்ந்த மைக்கில் தொடங்குபவருக்கு, அம்மைக் அறையின் குறைகளையே துல்லியமாகப் பதிவு செய்து தரும். கூடம் முழுமை பெறும்வரை பதிவைத் தள்ளிவைக்கவும் வேண்டியதில்லை. ஊரில் பாடத் தெரிந்த முதியவர் ஒருவரின் குரலை, இன்று கையிலுள்ள கருவியைக் கொண்டே, அமைதியான வேளையில், அவருடைய இசைவோடும் உரிய விவரக்குறிப்போடும் பதிவு செய்து மூன்று படிகளாகக் காத்துவைப்பதே ஒரு வீட்டுக் கூடம் செய்யத்தக்க முதற்பணி.